நாற்பதாவது பாலம்

பென்ட்ஹவுஸ் பேரரசருக்கு,

சூடேறிய அடாப்டருக்கு ஒரு வாசனை உண்டு. புதுச் செருப்பையும் பழைய டார்ச் லைட்டையும் ஒரே டப்பாவில் போட்டு மே மாத வெயிலில் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. பூமியில் வேறு எந்தப் பொருளுக்கும் அந்த வாசனை கிடையாது என்று நான் எந்தக் கோர்ட்டிலும் கூண்டேறிச் சத்தியம் செய்யத் தயார். போன சனிக்கிழமை மத்தியானம் அது என் வீட்டு ஹாலில் கிளம்பியது. பிசைந்த மோர்சாதத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "என்னங்க, மிளகாயக் கடிச்சிட்டீங்களா?" என்று வீட்டுக்காரி தண்ணீரோடு ஓடிவந்தாள்.

மிளகாய் இல்லை. நம் டிவி கேம். உன் மகள் கொண்டுவந்திருந்தாள்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உன் வீட்டம்மா அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கச்சிபௌலிப் பக்கம் குடியேறப் போகிறார். லாஃப்டில் இருந்ததையெல்லாம் இறக்கியபோது, கல்யாண ஆல்பத்துக்கும் கிழிந்த கொசுவலைக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டதாம். உள்ளே டிவி கேம், ஒரு கேசட்டு, ஒரே ஒரு ரிமோட்டு, அடாப்டர். அதன் அடியில், ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி, நம் ரிஜிஸ்டர்.

"அம்மா பழைய சாமான் கபாடிக்குப் போட்டுடலாம்னாங்க மாமா. நான் நக்கோ, வேணாம்னுட்டேன். நீங்க ஒரு தடவ ஆடிப் பாத்துச் சொல்லுங்க, வெச்சுக்கலாமா வேணாமா?"

கேட்டாளே, சரியான ஆளைப் பார்த்துத்தான் கேட்டாள். அந்த விளையாட்டில் முப்பத்தொன்பது பாலங்களைக் கடந்தவர்கள் மனித வரலாற்றிலேயே இரண்டு பேர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. மிச்சமிருப்பவன் மோர்சாதக் கையைக் கழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிம்மாசனத்தில் ஏறுகிறவன் மாதிரி சோபாவில் போய் உட்கார்ந்தான்.

சிம்மாசனம் என்றதும் நம் அரண்மனை ஞாபகம் வருகிறது. நான் முதன்முதலில் செகந்தராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் இறங்கி வீடு தேடியபோது ஒரு புரோக்கர், "பென்ட்ஹவுஸ் இருக்கிறது" என்றான். நான் நீச்சல்குளத்தை எந்தப் பக்கம் வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே மூன்று மாடி ஏறினேன். மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் இந்த ஊரில் அதற்குப் பென்ட்ஹவுஸ் என்று பெயர். உள்ளே நீ பனியனோடு, நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அசைவில்லாமல் உட்கார்ந்திருந்தாய். "தமிழா?" என்றாய். தலையாட்டினேன். "எந்த ஊரு?" கரூர் என்றேன். "நமக்குத் திருநெல்வேலி. வெயில் பழக்கம் இருக்குல்லா? அப்போ வா." அந்த அறையில் ஏப்ரல் மாதம் சுவரில் சாய்ந்தால் முதுகில் அப்பளம் பொரியும். பொரித்துச் சாப்பிட்டிருக்கிறோம் என்றுகூட உன் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ஜீடிமெட்லாவில் ஒரே மருந்துக் கம்பெனியில் ஷிப்டு கெமிஸ்ட். நீ காலை ஷிப்டில் இருந்தால் நான் மத்தியான ஷிப்டு. அடுத்த வாரம் மாறும். நீ திரும்பும் பஸ்ஸும் நான் போகும் பஸ்ஸும் எங்கோ வழியில் ஒன்றையொன்று கடக்கும். ஒரே அறையில் குடியிருந்துகொண்டு பல நாள் உன் முகத்தை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கையைத் தூக்குவாய். நான் தூக்குவதற்குள் பஸ் போய்விடும்.

அந்த நாளில்தான் கோட்டி கடைத்தெருவில் டிவி கேமை வாங்கிவந்தாய். பெட்டியில் தொண்ணூற்றொன்பது லட்சம் விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்று. அதன் பெயர்கூட எந்த மொழியில் எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. நாம் பாலம் என்று கூப்பிட்டோம். தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டும். மேலேயிருந்து காகங்கள் கல் போடும். மூன்று உயிர். நாற்பது பாலம். நாம் நாள் முழுக்கக் கரைப்பான் டிரம் உருட்டுவதை மேற்பார்வை பார்த்துவிட்டு வந்து, அறையில் உட்கார்ந்து அதே டிரம்மை உருட்டினோம். உலகத்தில் எந்தக் கம்பெனிக்கும் இத்தனை விசுவாசமான வேலைக்காரர்கள் வாய்த்திருக்க மாட்டார்கள்.

சேமித்து வைக்கும் வசதி அதில் கிடையாது. அணைத்தால் போச்சு, மறுபடி முதல் பாலம். அதனால் அணைக்காமலே விட்டோம். ரிமோட்டில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனை அழுத்தி, டிவியை மட்டும் அணைத்து, டிவி கேமை இரவும் பகலும் ஓடவிட்டோம். நீ விட்ட இடத்திலிருந்து நான், நான் விட்ட இடத்திலிருந்து நீ. ஷிப்டு மாறும்போது எழுதி ஒப்படைக்காவிட்டால் நமக்குத்தான் தூக்கம் வராதே, அதற்காக ஒரு ரிஜிஸ்டர். தேதி, பாலம், உயிர், அடாப்டர் சூடு, குறிப்பு, எழுதியவர், சரிபார்த்தவர். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டவன் நீ. கம்பெனியில் என்ன விதியோ அதே விதி இங்கும். ஒருவர் எழுதினால் மற்றவர் படித்துப் பார்த்து கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிவப்பு மையில் வட்டம். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு என்றால், எழுதியவனே ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

உன் சிவப்பு மை அத்தனையும் என் வரிகளில்தான் தீர்ந்தது. "இன்று ஆயிரம் காகங்கள் ஒரே சமயத்தில் தாக்கின" என்று எழுதியிருந்தேன். ஆயிரத்தைச் சுற்றி ஒரு வட்டம். நான் அடித்துவிட்டு "நூறு" என்று எழுதினேன். இன்னொரு வட்டம். கடைசியில் "நான்கு" என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாய். "எலே, ரிஜிஸ்டர்ல கத எழுதாத. கதையா சொல்லணும்னா டீக்கடைல வந்து சொல்லு, நான் கேக்கேன்" என்பாய். கேட்டாய், பாவம், முப்பது வருடம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

டிவி பெரியது. நம் குட்டி மனிதனின் ஒவ்வொரு கட்டமும் சப்பாத்தி அளவுக்கு வந்து நின்றது. மூக்கு ஒரு சப்பாத்தி, தொப்பி மூன்று சப்பாத்தி. ஆறு விநாடிப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது, முடிந்தது, ஆரம்பித்தது. நான் குதிக்கும் பட்டனை அழுத்தினேன். அவன் யோசித்தான். மேலதிகாரியிடம் விடுப்புக் கடிதம் கொடுத்து, கையெழுத்தாகி வந்த பிறகு குதித்தான். அதற்குள் கல் விழுந்துவிட்டது. முதல் பாலத்திலேயே மூன்று உயிரும் போயின.

"மாமா, இவன் ஏன் இப்டி லேட்டா குதிக்கிறான்?"

"அந்தக் காலத்து ஆள் பாப்பா. நிதானம்."

"நிதானமா? இவன் குதிக்கறதுக்குள்ள அமீர்பேட்ல ஒரு பேட்ச் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிட்டு வேலைக்கே போயிடும்."

 கதை அளப்பதில் இது என் வாரிசு அல்லவா, உன் வீட்டில் எப்படிப் பிறந்தது என்று யோசித்தேன். வெளியே மட்டும் காட்டிக்கொள்ளவில்லை. டிவி சரியில்லை என்றேன். ரிமோட்டில் ரப்பர் இறுகிவிட்டது என்றேன். கேசட்டைக் கழற்றி ஊதினேன். மறுபடி போட்டேன். இரண்டாம் பாலம் போனேன். அது முதல் பாலம் மாதிரியே இருந்தது. மூன்றாம் பாலம், அதே காகம், அதே கல். சமையலறையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இந்த டொய்ங் டொய்ங்குக்கா இத்தன வருஷமா அந்தப் பெரும கொழிச்சீங்க?"

ஆறு நிமிடம் ஆகியிருக்கும். என் கண் தானாகவே சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. உன் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"போரடிக்குதா மாமா?"

"எனக்கா? சேச்சே."

சொல்லிவிட்டேனே தவிர, அடித்தது. ஈவிரக்கமில்லாமல் அடித்தது. நாம் பதினோரு நாள் பழைய சோறும் ஊறுகாயுமாகக் கட்டிக் காத்த அந்தச் சாம்ராஜ்யம் ஆறு நிமிடத்துக்குத் தாங்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இது இவ்வளவுதான் என்றால், அப்போது இதில் எதைத்தான் பார்த்தோம்?

"நாப்பதாவது பாலத்துக் கதையச் சொல்லுங்க மாமா," என்றாள் அவள். "கரெண்டு போச்சே, அது."

அவளுக்கு அது மனப்பாடம். சின்ன வயதில் தூங்கவைக்க நான் சொன்ன கதை. பதினோரு நாள் போராடி முப்பத்தொன்பது பாலம் கடந்தாயிற்று. நாற்பதாவது கண்முன்னே நிற்கிறது. அப்போது உப்பல் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிறது. செகந்தராபாத் இருள்கிறது, சார்மினார் இருள்கிறது, உசைன் சாகர் தண்ணீர்கூட ஒரு நிமிடம் அலையடிப்பதை நிறுத்துகிறது. வீரர்கள் இருவரும் கண்ணீர் சிந்துகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும் கேட்க.

நடந்ததை உனக்கு இப்போது சொல்கிறேன். முப்பது வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

நீ முப்பத்தொன்பதாவதைத் தாண்டி நிறுத்திவைத்தது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை நான் ஷிப்டுக்குக் கிளம்புமுன் நீ எழுதிவைத்ததைப் படித்தேன். எழுதியது போதாதென்று, அதிகாலையில் நீ கிளம்பும்போது என்னை எழுப்பியும் சொல்லியிருந்தாய். "ஞாயித்துக்கிழம ரெண்டு பேருக்கும் லீவு. நாப்பதாவத அன்னைக்குச் சேந்து தாண்டுவோம். அதுவரைக்கும் நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், தொடாம இருந்தாப் போதும். இருப்பியாலே?"

"சும்மா இருக்கறதுல என்ன மிஞ்ச ஆள் உண்டா?" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் ஆட்டமே வேறு. ரிமோட்டு ஒன்றுதான், இருப்பது நான்கு கை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, இடப்பக்கத்து அம்புக்குறிகளை நீ பிடிப்பாய், வலப்பக்கத்துக் குதிக்கும் பட்டனை நான். நீ நடப்பாய், நான் குதிப்பேன். ஒரு மனிதனை இரண்டு பேர் ஓட்டினோம். அந்த ஞாயிறுதான் கடைசி என்பதும் தெரியும். மறுவாரம் நீ ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, தார்நாகாவில் பார்த்து வைத்த வீட்டுக்குக் குடித்தனம் போகிறாய். பென்ட்ஹவுஸ் எனக்கு மட்டும்.

சுவிட்ச் போர்டு கதவுப் பக்கம் இருந்தது. நான்கு சுவிட்ச். நான்காவது டிவி கேமுக்கு. அதன்மேல் லேப் காகித டேப் ஒட்டி, "தொடாதே, ஓட்டத்தில்" என்று நான்தான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். இரண்டு நாளாகவே அந்த டேப்பின் மூலை வெயிலில் சுருண்டு தூக்கிக்கொண்டு நின்றது. ஒட்ட வேண்டும் என்று போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை அது கீழே விழுந்து கிடந்தது. வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டினேன்.

நம் லேப் பழக்கம் உனக்குத் தெரியும். கடைசியாக வெளியே போகிறவன் வாசலில் நின்று எல்லாச் சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஹாட் பிளேட், தராசு, ஃபேன், லைட். டக், டக், டக், டக். மூன்று வருடமாக தினமும் செய்த கை. அன்றைக்கு நான் எதையோ நினைத்துக்கொண்டே கதவுக்குப் போனேன். கை போர்டுக்குப் போனது. நான்கு முறை டக்.

மூன்று மாடி இறங்கிய பிறகு அடையாள அட்டையை விட்டது ஞாபகம் வந்து மறுபடி ஏறினேன். கதவைத் திறந்தால் டிவி கேமின் சிவப்பு விளக்கு இல்லை. போர்டைப் பார்த்தேன். விளங்கிவிட்டது. சுவிட்சை மறுபடி போட்டேன், ஏதோ அந்தத் தொப்பிக்காரன் மன்னித்துத் திரும்பி வருவான் என்பது போல. டிவியைப் போட்டால் முதல் பாலம், மூன்று உயிர், ஆறு விநாடிப் பாட்டு.

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ரிஜிஸ்டரை எடுத்தேன். "12.10. மின்வெட்டு. ஆட்டம் போயிற்று" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஓடினேன். ஒரு பொய்யை எழுத எனக்கு அரை நிமிடம்தான் பிடித்தது.

வழியில் உன் பஸ் எதிரே வந்தது. நீ கையைத் தூக்கினாய். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ரிஜிஸ்டரை மூடி வைத்தாய். "சரி வா, டீ குடிப்போம்" என்றாய். தார்நாகா இரானி ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"கரெண்டு எத்தன மணிக்குலே போச்சு?"

"பன்னெண்டேகால் இருக்கும்."

"ம்" என்றாய். ஊறிப்போன பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. ஸ்பூன் கேட்டு வாங்கி அதை நீ எடுத்த நேரம் எனக்கு ஒரு யுகம். அந்த யுகத்தில் நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, தெரு முழுவதும் கரெண்டு இல்லை என்று சேர்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ எத்தனை முறை கேட்டாய். உன் மகளின் முதல் பிறந்தநாளில், பாயசக் கிண்ணத்தோடு வந்து, "அன்னைக்குக் கரெண்டு எப்பம்லே போச்சு?" என்றாய். பதினொன்றரை என்றேன். ஹப்சிகுடா முழுவதும் என்றேன். உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் கேட்டாய். அப்போதுதான் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நீ கேட்கக் கேட்க இருட்டு வளர்ந்துகொண்டே போனது. முதலில் பயந்து சொல்லவில்லை. பிறகு வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அதற்கப்புறம் கதை பிரமாதமாக அமைந்துவிட்டது. கைதட்டுகிற கூட்டத்தை எப்படிக் கலைப்பது?

சனிக்கிழமையும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அன்னிக்கு உப்பல் பக்கம் பாத்தியா பாப்பா..."

அவள் ரிஜிஸ்டரைப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

முப்பது வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்து. பொடிப்பொடியாக, சாய்வில்லாமல். "18ஆம் பாலம். உயிர் 2. அடாப்டர் சூடு: தோசை வார்க்கலாம், இட்லி வேகாது." கதை எழுதாதே என்று என்னை அதட்டியவன் எழுதியது. சிரித்துக்கொண்டே புரட்டினேன். ஆறாம் நாளில் விரல் நின்றது. "22ஆம் பாலம். 21 மாதிரியேதான் இருக்கிறது. 20ம் அப்படித்தான். ரொம்பச் சலிப்பு. நீ வந்து பார்ப்பாய் என்று தாண்டி வைத்திருக்கிறேன்." பக்கத்தில் என் கையெழுத்து, சரிபார்த்தவர் என்று. அன்றைக்கு மட்டும் படிக்காமலே போட்டிருக்கிறேன்.

உனக்கும் அப்போதே போரடித்திருக்கிறது. ஆறு நாளாக, ஷிப்டு முடிந்து வந்து, ஆஸ்பெஸ்டாஸ் வெக்கையில் உட்கார்ந்து, பிடிக்காத பாலம் ஒவ்வொன்றாகத் தாண்டி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாய். நானும் அப்படித்தான். வேலையிலிருந்து வந்ததும் ரிஜிஸ்டரைத்தான் முதலில் எடுப்பேன், சோற்றுப் பானையைத் திறப்பதற்கு முன்பே.

"இங்க பாருங்க மாமா." உன் மகள் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். என் வரி. 12.10. மின்வெட்டு. மேலே உள்ள எல்லா வரியிலும் சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்து இருக்கிறது. அந்த ஒரு கட்டம் காலி. வட்டமும் இல்லை.

"இது மட்டும் ஏன் காலி?"

"கல்யாண அவசரம் பாப்பா. மறந்திருப்பான்."

"அப்பாவா மறப்பார்?"

 அவள் ரிஜிஸ்டரிலிருந்து விரலை எடுத்தாள். "ஆஸ்பத்திரில இருக்கும்போது நானே கேட்டேன் மாமா, இந்தக் கரெண்டு கதைய. அப்பா ரொம்ப நேரம் சிரிச்சார். நீங்க எழுதி வெச்சிட்டுப் போன அன்னிக்கே, கீழ ஓனர் ஆன்ட்டிகிட்ட விசாரிக்கப் போனாராம். கரெண்டு அடிக்கடி போகுதே, ஒரு ஏற்பாடு பண்ண முடியுமான்னு."

நம் பென்ட்ஹவுஸ் ஓனர் அம்மாள் கோங்குராக் கீரைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாராம். உன் மகள் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "கரெண்டு எக்கட போயிந்தி பாபூ? பொத்துன்னுஞ்சி மிக்ஸீ திப்புத்தூனே உன்னானு." கரெண்டு எங்கே போயிற்று, காலையிலிருந்து மிக்ஸி ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்.

அத்தனை பெரிய இருட்டு, செகந்தராபாத், சார்மினார், உசைன் சாகர், எல்லாவற்றையும் ஒரு மிக்ஸி அன்றைக்கே அரைத்துத் துவையலாக்கியிருந்தது. நீ அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக்கொடுத்து மணி கேட்டிருக்கிறாய்.

"வட்டம் போட்டிருக்கலாமே" என்றேன்.  "போட்டிருந்தா அன்னிக்கே அடிச்சு எழுதியிருப்பேனே."

"அதையும் கேட்டேன்." அவள் உன்னைப் போலவே தாடையை இறக்கிக்கொண்டாள். "'வட்டம் போட்டா அதுக்கொரு கத சொல்லுவாம்லா. சும்மா விட்டா ஒரு நா அவனே வருவான். அதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துதேன்'னார்."

இருபது வருடமாக நான் அதே கம்பெனியில் ரிஜிஸ்டர்களைச் சரிபார்க்கும் பெரிய அதிகாரி. புதிதாகச் சேருகிற கெமிஸ்ட் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, தப்பு செய்யலாம், தப்பாக எழுதத்தான் கூடாது என்று கர்ஜிக்கிறவன். என் கர்ஜனையில் ஜீடிமெட்லாவின் புகைபோக்கிகள் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். ஒரு நாள் உன்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னபோது, நீ வாயில் வெற்றிலை இருப்பதுபோல உதட்டை மூடிக்கொண்டு தலையாட்டியது இப்போது ஞாபகம் வருகிறது. நீ வெற்றிலை போட மாட்டாய்.

பேனாவை அவளே நீட்டினாள். "12.10. மின்வெட்டு" என்பதன்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன். "கரெண்டு போகவில்லை. சுவிட்சை நான் அணைத்தேன்." கையெழுத்து. இன்றைய தேதி. நான் வாழ்நாளில் சொன்ன கதைகளிலேயே சின்னது அதுதான். எதையாவது சேர்க்கலாமா என்று பேனா ஒரு கணம் துடித்தது. மூடி போட்டுவிட்டேன்.

"சரிபார்த்தவர்ல நான் போடட்டுமா மாமா?"

"வேண்டாம் பாப்பா. அது அவன் கட்டம்."

வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகுதான் தீர்ப்பு பாக்கியிருப்பது நினைவுக்கு வந்தது. உண்மை பேசுகிற நாளாகிவிட்டதால் அதையும் சொல்லிவிட்டேன்.

"விளையாட்டு மட்டம். சுத்த போர். கபாடிக்காரன்கூட ஒரு பாலம் ஆடிப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவான்."

"ஹவ், ஆமா, எனக்கும் முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுது. உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

"அப்போ போட்டுடு."

"நக்கோ மாமா." நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரிமோட்டின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. "நாப்பதாவதுக்கு அப்புறம் என்ன வருதுன்னு யாருக்குமே தெரியாதுல்ல? நீங்க குதிங்க. நான் நடக்கறேன்."

அவள் அவசரக்காரி. உன் நிதானம் இல்லை. நான் குதிக்குமுன் நடந்துவிடுகிறாள். ஆறு தடவை செத்தோம். ஏழாவது ஆட்டத்தில் நான்காம் பாலம் வரை வந்தோம். அது மூன்றாம் பாலம் மாதிரியே இருந்தது. அவளுக்கு நேரமாகிவிட்டது, நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு, டிவியை மட்டும் அணைத்தாள். செருப்பு மாட்டும்போது, "அடுத்த சனிக்கிழம வரேன். அணைச்சிடாதீங்க" என்றாள். போகும் முன் ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தெலுங்கில் எழுதியிருக்கிறாள். இந்த ஊரில் முப்பது வருடம் பஸ் போர்டு படித்ததில் எனக்கு அது படிக்க வரும். பாலம் நான்கு. உயிர் இரண்டு. குறிப்பு: போர்.

கதவுப் பக்கத்துச் சுவிட்சின்மேல் டேப் ஒட்டியிருக்கிறேன். ஒரு வரிசை இல்லை, நான்கு வரிசை. வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, உள்ளே யாரையாவது சிறைவைத்திருக்கிறீர்களா என்கிறாள். என்றாலும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது கை போர்டுக்குப் போகத்தான் செய்கிறது. டக், டக், டக். நான்காவதற்கு முன்னால் நின்றுவிடுகிறது. நின்ற கையை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் இறங்குகிறேன். அன்றைக்கு பஸ்ஸில் தூக்காதது.

இன்று புதன்கிழமை. இந்த மடலை எழுதி நிமிர்ந்தால் டிவிக்குக் கீழே சிவப்பு விளக்கு தெரிகிறது. எழுந்துபோய் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். ரிஜிஸ்டரை எடுத்து, அவள் வரியைப் படித்துப் பார்த்துவிட்டு, சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன்.

பாலம் 4. உயிர் 2. நான் தொடவில்லை. அடாப்டர் சூடு: தாங்கலாம்.